இரண்டு இடுப்பு

பரேலில், கேத் லேப் வாசலில்
ஈய அங்கியைக் கழற்றிக்கொண்டே கையை நீட்டினார் சுடலைமணி.
"எடுங்க மேடம், எறும்பு கடிக்கிற மாதிரிதானே."
பதினேழு வருஷம். பேட்ஜில் பதிவான அளவு
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

நாற்பத்தெட்டு மணி நேரம் ரத்தம் இளஞ்சூட்டில் கிடந்தது.
சயானில் தண்டவாளம் தண்ணீருக்குள் போயிருந்தது.
வீட்டுக்குப் போக வழியில்லாமல் எண்ணினேன்.
ஆயிரம் செல், செல்லுக்கு நாற்பத்தாறு.

முந்நூற்றுப் பன்னிரண்டாவதில் முதல் கோணல்:
உடைந்த இரண்டு குரோமோசோம்
ஆள்மாறிப் பிடித்து ஒட்டிக்கொண்டு
ஒரே உடம்பு, இரண்டு இடுப்பு.
இப்படி ஏழு.

போனில் கேட்டேன், பேட்ஜை எங்கே மாட்டுவீங்க?
பின்னால் குக்கர் விசில்.
"லாக்கர்ல மேடம். அளவு ஏறினா
மூணு மாசம் டெஸ்க்குல உட்கார வெச்சிடுவாங்க.
நைட் அலவன்ஸ் போயிடும்.
ஆன்டாப் ஹில் வாடகை தெரியும்ல."

இத்தனை வருஷம்
லாக்கரின் இருட்டை அளந்து வந்திருக்கிறது பேட்ஜ்.
ரத்தம்தான் ஒருநாள் தவறாமல் வேலைக்குப் போயிருக்கிறது.

ஏழென்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரு வரைபடத்தைக் காட்டியிருப்பேன்.
படிவத்தில் பெயர் கூடாது. எண் 29,
பக்கத்தில் ஏழு.

அதற்கு மேல்வரிசையில் எண் 28,
கதிர் பக்கம் போகாதவள், ஒப்பிட எடுத்தது,
என் ரத்தம்:
ஒன்று.