ஆறாம் எண் லிஃப்ட்

நாற்காலி வந்து முழங்காலுக்குப் பின்னே தட்டும்
அந்த ஒரு நொடிக்குள்
எல்லாரும் என்னிடம் ஏதாவது சொல்லிவிடுகிறார்கள்.

நாற்பது நிமிட வரிசை என்கிறார் லியோன்காரர்.
சூப் பதினெட்டு யூரோ,
உருளைக்கிழங்கைத் தேடத்தான் வேண்டும்.
வரைபடத்தில் வழுக்கிப் போன பாதை
நேரில் வெறும் சமதளம்;
கழிகளைத் துடுப்பாக்கி
வியர்க்க விறுவிறுக்க வந்தாளாம் ஒருத்தி.
பூட்ஸ் கடிக்கிறது. வண்டி நிறுத்த இடமில்லை.
தபால் நிலையம் நேற்றும் பூட்டியிருந்தது.

தலையாட்டுகிறேன். கம்பியை இறக்குகிறேன்.
குறை சொல்லிக்கொண்டே மேலே போகிறார்கள்,
தொட்டில் பிள்ளைகளாய்க் கால்கள் ஆட.

சிதோனி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.
இன்று முதல் நாற்காலி அவளுக்கு.
இரவெல்லாம் கொட்டிய பனி;
யாரும் இன்னும் கோடு கிழிக்காத வடக்குச் சரிவு.

கால் மணி நேரத்தில் கீழே வந்தாள்,
புருவமெல்லாம் வெள்ளை, மூக்கு ஒழுக.
"எப்படி?" என்றேன்.
அதற்குள் வளர்ந்துவிட்ட வரிசையைப் பார்த்தாள்.
"மோசம்," என்றாள் உரக்க.
"படு மோசம். யாரையும் அனுப்பாதே."

ஒன்பதரைக்கு அவள்
தபால் நிலையம் திறக்க வேண்டும்.
கடிகாரத்தின் மேல் கையுறையை இழுத்துவிட்டு
வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.