எந்த எண் வேண்டும்?

எங்கள் மொழியில்
அரசியலுக்கும் கொள்கைக்கும் ஒரே சொல்.
அதனால் கிஷினாவுக்கு வந்த டச்சுக்காரர்
"கொள்கையை ஆராயலாம், வாருங்கள்" என்றதும்
பின்வரிசையில் ஒருவர் எழுந்துபோய்
கதவைச் சாத்தினார்.

தொண்ணூற்றைந்தின் குளிர்.
எங்கள் துறையின் பெயர்ப்பலகை மாறியிருந்தது.
'அறிவியல் பொதுவுடைமை' நீளப் பலகை,
'அரசறிவியல்' குட்டை.
பழைய திருகாணித் துளைகள் இரண்டு
இருபுறமும் மூடாமல் விழித்திருந்தன.
பேராசிரியர் கோஜோகாருவுக்கு
அதே சாக்கட்டி, அதே மேல்கோட்டு.
பாடக்குறிப்பில் மட்டும் சில பக்கங்களை
ஊசிநூலால் சேர்த்துத் தைத்திருந்தார்,
வகுப்பில் தவறிக்கூடத் திறந்துவிடாதபடி.

அமைச்சகத்தில் அக்லாயா.
பத்தொன்பது வருடம் அவள் எழுதியது
நியாயக் குறிப்பு.
முடிவு மேலேயிருந்து வரும்,
காரணம் இவள் மேசையிலிருந்து போகும்.
கல்யாணம் முடிந்தபின் பொருத்தம் பார்ப்பது போல.
ஒருமுறைகூடப் பொருந்தாமல் போனதில்லை.

மூன்று வழிகள் எழுதுங்கள் என்றார் டச்சுக்காரர்,
ஒவ்வொன்றிலும் யார் தலையில் எவ்வளவு விழும் என்றும்.
மின்சாரம் போயிற்று.
கண்ணாடித்தாளை ஜன்னலில் அழுத்திப் பிடித்தார்.
அம்புக்குறிகளுக்குப் பின்னால் பனி பெய்தது.
அக்லாயா கேட்டாள்:
"மூன்றில் சரியானது எதுவென்று
முன்கூட்டியே சொல்லிவிடுவார்களா?"
யாரும் சிரிக்கவில்லை.
அவள் சிரிக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்குச் சூடு தரும் மானியம்.
வெட்டலாமா, யாருக்கு வெட்டலாம்.
புள்ளியியல் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள்:
ரிஷ்கானிப் பகுதியில் ஓர் அறையின் வெப்பம் எவ்வளவு?
மறுமுனை மிகுந்த மரியாதையோடு:
"உங்களுக்கு எந்த எண் வேண்டும், அம்மா?"

அப்படித்தான் நானும் எமிலியானும்
இரண்டு வெப்பமானிகளோடு படியேறினோம்.
லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடி.

நாற்பத்து மூன்றாம் எண் வீடு.
கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர்
"பதினெட்டு டிகிரி, குறையொன்றும் இல்லை" என்றார்.
சொல்லும்போதே வாயிலிருந்து ஆவி வந்தது.
வெப்பமானியில் எட்டு.
எமிலியான் ஒன்று போட்டு, பக்கத்தில் எட்டுப் போடப்போய்
பேனாவை உதறினான்.
மை உறைந்துவிட்டது என்றான். பொய்.

அறுபத்தொன்றில்
தரைப்பலகைகளைப் பெயர்த்து எரித்திருந்தார்கள்.
கட்டிலுக்கு அடியில் மட்டும் பாக்கி.
அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று:
யார் அனுப்பினார்கள்?
"பல்கலைக்கழகம்" என்றேன்.
கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

அதன்பிறகு வேண்டுமென்றே
ஒரு வாசலில் பல்கலைக்கழகம் என்றோம்,
அடுத்த வாசலில் அமைச்சகம்.
அடிக்குறிப்பில் அக்லாயா அதையும் எழுதினாள்:
'கேட்பவர் யாரென்பதைப் பொறுத்து
ஆறு டிகிரி வித்தியாசம்.'
அவள் வாழ்நாளில் எழுதிய
முதல் வாக்கியம் அதுதான் என்பேன் நான்.

ஒன்பது பக்கம்.
நான்காவதாக, ஒன்றுமே செய்யாதிருத்தல்,
அதற்கும் ஒரு விலை போட்டிருந்தாள்.
அமைச்சர் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார்.
அது பட்டியலில் இல்லை.
மார்ச்சில் அமைச்சரும் இல்லை.

ஆனால் கோப்பு திரும்பி வந்தது.
ஆறாம் பக்க ஓரத்தில், பென்சிலில்,
கையெழுத்தில்லாமல்:
'இந்த எண் எங்கிருந்து வந்தது?'

முன்பெல்லாம் அப்படி ஒரு வரி வந்தால்
மாலைக்குள் யாருக்கோ வேலை போயிருக்கும்.
பயந்துதான் போனாள்.
கோட்டைக்கூட மாட்டிக்கொண்டாளாம்.
பிறகு இன்னொரு முறை படித்துவிட்டு
எனக்கு ஃபோன் செய்தாள்:
"நாற்பத்து மூன்றுக்காரர் பெயரென்ன?"

நாங்கள் கேட்கவே இல்லை.

லிஃப்ட் அப்போதும் ஓடவில்லை.