நுரை இருக்கட்டும்

குளியல்தொட்டியில் நாற்பத்திரண்டு பாட்டில்களைப்
படுக்க வைத்திருக்கிறேன்.
வெந்நீர் புகப் புக ஒவ்வொன்றும்
குடுகுடுவென்று ஏதோ சொல்லிவிட்டு அமிழ்கிறது.
லேபிள்கள் கழன்று மிதக்கின்றன:
ஓர் ஆடு, ஒரு மணிக்கூண்டு,
குப்புற விழுந்த மீசைக்காரர்.

ஒஸ்ட்ராவா. ஏழாவது மாடி. பிப்ரவரி.
கீழே டிராம் வளைவில் திரும்பும் கிறீச்.
மாவூறலைக் காய்ச்சியவர் விலெம்.
ஈஸ்ட்டைத் தூவியவர் விலெம்.
பீப்பாயை என் தையல் அறையில் இறக்கிய மூன்றாம் நாள்
அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.
அது பாட்டுக்கு அங்கே
பதினெட்டு நாள் முணுமுணுத்துவிட்டு
இப்போது அடங்கியிருக்கிறது.

"இனியும் விட்டால் கெட்டுவிடும், லிபுஷே"
என்கிறார் ஃபோனில்.
கெட்டால் கெடட்டும் என்று வாய்வரை வந்தது.

நான் பீர் குடிப்பவள் அல்ல.
இந்த ஊரில் அதைச் சொன்னால்
உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

முதலில் அழுக்கு, அப்புறம்தான் கிருமி.
அழுக்கின்மேல் மருந்து ஊற்றுவது
எருமைமேல் மழை.
ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கி
முட்டை பார்ப்பதுபோல் பார்க்கிறேன்.
அடியில் பழுப்பு வளையம்.
விரல் எட்டாத இடமாகப் பார்த்துத்தான் குடியேறுகிறது.
வளைந்த பிரஷ். ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்கல்.
மறுபடி பிரஷ்.
ஒன்றினுள் யாரோ சிகரெட்டை அணைத்திருக்கிறார்கள்;
அது தேறாது.
காகிதத்தில் சுற்றிக் கதவருகே வைத்தேன்.

ஐந்து லிட்டருக்கு எட்டு மில்லி.
இருமல் மருந்துக் குவளையில் அளந்தேன்.
உள்ளே ஊற்றி, சுழற்றி, கவிழ்த்து,
கழுத்துவரை வெள்ளை நுரை நிற்கிறது.
"நுரை போகவில்லையே, அலசட்டுமா?"
"கூடாது. குழாய்த் தண்ணீர் பட்டால்
செய்ததெல்லாம் வீண். நுரை இருக்கட்டும்."
மூச்சு வாங்கினார்.
"எல்லாரையும் வெளியேற்றிவிட்டு
ஒருத்தரை மட்டும் உள்ளே விடுகிறோம். அவ்வளவுதான் பீர்."

அவர் அறைக்கு இரண்டு கதவுகள்.
முதல் கதவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
மோதிரத்தைக் கழற்ற வேண்டும்.
முழங்கைவரை, விரலிடுக்கு,
கட்டைவிரலைத் தனியாக.
பூ கூடாது. திராட்சை கூடாது. முத்தம் கூடாது.
அவர் தம்பி ஒதகாரின் மஜ்ஜை
ஒரு பையில் தொங்கி இறங்கிப் பத்து நாளாகிறது.
வெள்ளணு நேற்று பூஜ்யம் புள்ளி ஒன்று.
இருபது வருடமாகப் பேசாத தம்பி.

இருபத்தேழோ இருபத்தெட்டோ, அப்போதுதான் நடந்தது.
கை தன்பாட்டில் குழாயைத் திறந்து
ஒரு பாட்டிலைப் பளிச்சென்று அலசி
தாங்கியில் கவிழ்த்துவிட்டது.
நாற்பது வருடச் சமையலறைக் கை, அதற்கென்ன தெரியும்.
திரும்பிப் பார்ப்பதற்குள்
எது என்று தெரியவில்லை.
நாற்பத்தொன்றும் ஒரே பழுப்பு,
ஒரே சொட்டு.

ஒன்றுதானே.
ஒஸ்ட்ராவா குழாய்த் தண்ணீரை
நான் பிறந்ததிலிருந்து குடிக்கிறேன்.
நாற்காலியில் உட்கார்ந்தேன்.
டிராம் இரண்டு போயின.
எழுந்து இன்னொரு எட்டு மில்லி அளந்தேன்.

"எத்தனை தேறிற்று?"
"நாற்பத்தொன்று."
"இவ்வளவு நேரமா?"
"மூடி போடும் கருவி மக்கர் செய்தது."
தூங்குங்கள் என்று வைத்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்குக் கடைசி மூடி.
வரிசையாக அலமாரியில் அடுக்கி
மேலே பழைய கம்பளி போர்த்தினேன்;
போன வருடம் இரண்டு நடு இரவில் வெடித்து
கீழ்வீட்டு கோஸ்லிக் போலீஸை அழைத்தார்.
இரண்டு வாரம் தொடக் கூடாதாம்.
உள்ளே என்ன நடக்கிறது என்று
திறக்கும்வரை யாருக்கும் தெரியாதாம்.

காலையில் முதல் கதவுக்குள்
நர்ஸ் ராடானா என் கைகளைப் பார்த்தாள்.
தோல் வெடித்து, வெள்ளை பூத்து,
நகக்கண்ணில் அரிசித் தூள்.
"கழுவியாயிற்றா?"
மோதிரத்தைக் கழற்றிக்கொண்டே
இன்னொரு முறை நீட்டினேன்.