நாற்பத்திரண்டு அங்குலம்

லைல் ஸ்ட்ராண்ட்பெர்க் கட்டம் போட்ட தாளோடு வந்தான்,
பூட்ஸைக் கதவில் தட்டிப் பனி உதிர்த்தபடி.
டுலூத்தில் ஜனவரி.
ஏரியின் கரை இறுகிவிட்டிருந்தது.
வீட்டை விட்டு வெளியே போகாமலேயே
வெளியே போய்விட்டு வரவேண்டும்,
அவ்வளவுதான் ஆசை, என்றான்.

ஒரு கட்டத்துக்கு ஆறு அங்குலம்.
மூன்று ஸ்டூல், சின்ன ஃப்ரிட்ஜ்,
மாடிப்படியின் வயிற்றுக்குள் பாட்டில் அடுக்கு.
தலை இடிக்கும் உத்தரத்தை மறந்திருந்தான்.
மூலையில் உறுமும் கொதிகலனை மறந்திருந்தான்.
வசந்தத்தில் பனி உருகித் தரைக்குள் ஊறும் தண்ணீரை,
அதை உறிஞ்சித் தெருவில் துப்பும் பம்பை
வரைந்து, பிறகு ரப்பரால் அழித்திருந்தான்.

மேடை என்ன உயரம்?
நாற்பத்திரண்டு, என்றேன்,
டேப்பை இடுப்பிலிருந்து எடுக்காமல்.
எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
தெருவுக்கே தெரியும்.
பத்தொன்பது வருடம் என் முழங்கை
அந்த உயரத்தில் குடியிருந்தது.
காலி செய்து ஒன்பது வருடம்.

மூடிப்போன பௌலிங் கூடத்திலிருந்து
மேப்பிள் பலகை வாங்கிவந்தான்,
எட்டடி, ஒரு கன்றுக்குட்டி கனம்.
உள்ளே எங்கே பார்த்தாலும் ஆணி.
என் ரம்பத்தில் மூன்று பற்சக்கரம் போயிற்று.
படி வளைவில் திரும்ப மறுத்தது.
வெட்டிவிடலாமா என்றான் லைல்.
சன்னல் சட்டத்தைப் பெயர்த்தோம்.
வெளியே முழங்கால் பனியில் ஆர்டிஸ்
ஒரு முனையைத் தோளில் தாங்கி,
இதைவிட ஒரு நாய் வளர்த்திருக்கலாம் என்றாள்.

பலகையில் பதித்த கறுப்பு அம்புகளில்
நான்கு மிஞ்சியிருந்தன.
சுவரைப் பார்த்தா, படியைப் பார்த்தா?
அரைமணி நேரத் தகராறு.
படியைப் பார்த்து, என்றாள் ஆர்டிஸ்.
மேலே வர வழி தெரியட்டும்.

ரசமட்டத்தை மேடைமேல் வைத்தேன்.
அந்தக் குழலுக்குள் இருப்பதும் சாராயம்தான்,
குளிரில் உறையாதிருக்க ஊற்றி அடைத்தது.
இத்தனை வருடத்தில் நான் தொட்டது அது ஒன்றுதான்.
குமிழி இடப்பக்கம் ஓடிற்று.
ஓர் ஆப்பு செருகினேன்.
தயங்கித் திரும்பி
இரண்டு கோடுகளுக்கு நடுவே
நின்றது.
லைல் கைதட்டினான்.
நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் பித்தளைக் கம்பி,
தரையிலிருந்து ஏழு அங்குலம்.
ஒரு காலைத் தூக்கி வைக்க இடமிருந்தால்
முதுகு வலிக்காது.
முதுகு வலிக்காவிட்டால் இன்னொன்று ஊற்றலாம்.
அதை மட்டும் மறந்துவிடலாமா என்று
ஒரு மதியம் முழுக்க யோசித்தேன்.
சாயங்காலம் நான்கரைக்கே
அவன் கராஜ் விளக்கு எரிவதும்
விளக்கடியில் அவன் தலை அண்ணாந்து நிமிர்வதும்
என் சமையலறையிலிருந்து தெரியும்.
யாரையும் மரம் குடிக்கவைப்பதில்லை,
பித்தளையும்தான்.
ஒவ்வொரு திருகாணி இறுகும்போதும்
அதையே சொல்லிக்கொண்டு
பொருத்தினேன். அசையாமல் நிற்கிறது.
என் வேலை எப்போதும் அசையாது.

ஒன்றுக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தேன்:
பாட்டில் அடுக்குமுன் தண்ணீர்க் குழாய்.
தொட்டி கோடையில் பார்க்கலாம் என்றான்.
இப்போதே, என்றேன்.
அடிக்குக் கால் அங்குலம் சரிவு.

மார்ச் கடைசியில் திறந்தார்கள்.
எதிர்வீட்டு ஹால்வர் வந்தான்,
தபால் ஆபீஸ் வெர்னெட் வந்தாள்,
உத்தரத்தில் இடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.
பேச்சுக்கு நடுவில் தரைக்கடியில்
பம்பு விழித்து, இருமி, அடங்கியது.
லைல் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து
ஐஸ் போட்டு, எலுமிச்சை செருகி,
மிகுந்த மரியாதையோடு என் பக்கம் தள்ளினான்.

மூன்றாவது ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
கால் தானாகக் கம்பியைத் தேடிப் பிடித்தது.
முழங்கையை வைத்தேன்.
சரியாக இருந்தது.
அவ்வளவு சரியாக.

ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.