மாற்றுப்பாதை

ரியேகாவில் காலை ஏழு மணி என்பது
நெவென்காவின் அலமாரியில் கோப்பைகள் நடுங்குவது.
கடலுக்குள் தூண் இறக்குகிறார்கள்.

கடைக்கு வரும் வழி
இந்த வாரம் மீன்சந்தையின் பின்பக்கம்.
போன வாரம் எங்கே என்று
அம்புக்குறிக்கே நினைவில்லை.

வேலிப் பலகையில்
'வசந்தத்தில் நிறைவு.'
எந்த ஆண்டு என்ற இடத்தில் மட்டும்
ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர், அட்டைபோல் தடித்து.
வரைபடத்தில் மரங்கள், பலூன் பிடித்த குழந்தை,
அவள் கடை நிற்கிற இடத்தில்
ஒரு பெஞ்சு.

செவ்வாயன்று சேற்றிலிருந்து
ஏதோ பழைய படகின் விலா.
எந்திரம் நின்றது.
தூரிகைகளோடு நான்கு பேர் வந்தார்கள்.
நால்வருக்கும் காபி, ஒருவருக்கு மட்டும் சர்க்கரை.

மறுநாள் ஏழு மணி.
கோப்பைகள் அசையவில்லை.
நேரம் தப்பிவிட்டதோ என்று
கதவைத் திறந்தாள்:
வேலிக்கு மேலே
ஒரு விரற்கடை கடல்.