ஷிம்ரா ஹோட்டல், பார்சல் பகுதி

வட்டவிதானை இஸ்ஸதீன்
கழுவித்தான் கொண்டுவந்திருந்தார்.
கழுவியும் அதில் காட்டு வாடை.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்:
பச்சை எழுத்து, சிவப்புக் கரை,
ஷிம்ரா ஹோட்டல், அக்கரைப்பற்று.
கீழே என் தொலைபேசி இலக்கம்.
ஓர் எண்கூட அழியவில்லை.
யானை நினைத்திருந்தால் எனக்குப் பேசியிருக்கலாம்.

"வட்டை ஓரமாக் கிடந்த லத்திக்குள்ள இருந்து எடுத்தது.
மூணு இருந்திச்சு.
ஒண்டில ஆணம் கட்டின முடிச்சு
அவிழாமலே கிடந்திச்சு."

குற்றம் எதுவும் சொல்லவில்லை அவர்.
ப்ளேன்ரீ குடித்தார், காசு வைத்தார், போனார்.

மகள் பிறந்த கிழமை
பத்தாயிரம் பைக்கு அச்சகத்தில் ஓடர் கொடுத்தேன்.
பிறகு எத்தனை தரம் கொடுத்தேனோ.
பேர் பரவட்டும் என்றுதான்.
பரவியிருக்கிறது.

அன்றிரவு கணக்குக் கொப்பியைத் திறந்தேன்.
ஒரு பார்சலுக்கு
லஞ்ச்சீற் ஒன்று,
ஆணத்துக்குக் குட்டிப் பை, சம்பலுக்கு இன்னொன்று,
மேலே பழைய பேப்பர், றப்பர் வளையம்,
அத்தனையும் சுமக்க
என் மகள்.
நாளைக்கு இருநூற்றுப் பத்துப் பார்சல்.
பெருக்கத் தொடங்கி
பாதியில் பேனையை மூடினேன்.

சம்மாந்துறை ஹோல்சேல்காரர் காகிதப் பெட்டி காட்டினார்.
விலையைக் கேட்டபோது
சோற்றை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் விற்கலாம் போலிருந்தது.
உள்பக்கம் மினுங்கியது.
நகத்தால் சுரண்டினேன்.
உரிந்து வந்தது
அதே தோல்.

இறக்காமத்திலிருந்து தாமரை இலை இறங்கியது,
ஈரச் சாக்கில், விடியுமுன்.
முதல் நாளே
வங்கி மனேஜரின் வெள்ளைச் சேட்டில் பருப்பாணம்.
அவர் போனில் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

குசினிக்குள்ளிருந்து மன்சில் சொன்னான்,
அகப்பையைக் கீழே வைக்காமலே:
"இலையில பிழை இல்ல, முதலாளி.
நம்மட ஆணம்தான் தண்ணி.
லஞ்ச்சீற் இருக்கு எண்ட துணிவில
பாலை இழுத்து இழுத்து ஊத்திப் பழகிட்டம்."

காது சுட்டது.
இத்தனை வருசம் அந்த மெல்லிய தாள்
சோற்றை மட்டுமா மூடியது?

இப்போது ஆணம் இறுக்கம்.
நாளைக்கு ஆறு தேங்காய் கூட.
பைச் செலவு குறைந்ததில் கொஞ்சம் ஈடு,
மிச்சம் கையைக் கடிக்கிறது. மறைக்கவில்லை.
மாரியில் இலை வராத நாட்களில்
வாழையிலையை நெருப்பில் வாட்டுகிறோம்.
மன்சிலின் விரல் நுனியெல்லாம் கறுப்பு.

எவர்சில்வர் பெட்டி அறுபது வாங்கினேன்.
அடியில் ஆணியால் இலக்கம் குத்தி,
முற்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம்.
திருப்பிக் கொண்டுவந்தால்
அடுத்த சோற்றில் இருபது ரூபா குறைவு.
தையல் கடைப் பிள்ளைகள் எடுத்தார்கள்,
டிப்போக் கொண்டக்டர் எடுத்தார்,
மனேஜர் எடுக்கவில்லை.

நாற்பத்தேழாம் பெட்டி மூன்று கிழமை வரவில்லை.
முற்பணத்தோடு கணக்கை முடித்துக் கோடு கீறினேன்.
மறுநாள் மத்தியானம்
ஆலையடிவேம்பு யோகமலர் வந்து நின்றாள்,
மூடி மூட முடியாமல் கொய்யாப்பழம்.
"வெறும் பெட்டியாத் தர மனம் வரல்ல.
மரம் காய்க்கும்வரை பாத்திருந்தன்."
கீறிய கோட்டை எப்படி அழிப்பது?
பக்கத்தில் 'கொய்யா' என்று எழுதி வைத்தேன்.

எதிர்க்கடையில் இன்னும் பை.
மழை வந்தால் என் ஆட்கள் ரோட்டைக் கடக்கிறார்கள்,
என்னைப் பார்க்காத மாதிரி.
சிலர் திரும்பி வருகிறார்கள்,
யானைக்காக அல்ல,
ஆணத்துக்காக.
அது போதும்.

சாமான் அறையில் மூன்று கட்டுப் பை மிச்சம்.
கொடுக்க மனமில்லை, எரிக்கவும் ஏலாது.
பள்ளி விட்டு வந்த ஷிம்ரா
அதில் ஏறிக் குந்தி
ஒவ்வொன்றாய்ப் புரட்டுகிறாள்.
மூன்றாம் வகுப்பு. எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டுவாள்.

"வாப்பா, இவ்வளவும் என்ட பேரா?"

"ஓம்" என்றேன்.
வெளியே போனவற்றை
அவள் கேட்கவில்லை.