நாற்பத்தெட்டு

இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
"மன்னிக்கவும்மா. இந்த முறை என்னால் முடியாது."
முற்றுப்புள்ளி இரண்டும் ஒழுங்காக இருந்தன.
என் ஆய்வேட்டில் புள்ளி விட்ட இடமெல்லாம்
சிவப்பில் சுழித்தவர் அல்லவா
ஞானசிகாமணி சார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
ஜெர்மனியில் நள்ளிரவு என்றால்
சத்துவாச்சாரியில் சனி விடிகாலை மூன்றரை.
அந்த மூன்றரை மணி நேரத்தை
முந்தானையில் முடிந்த காசு மாதிரி
வைத்திருந்தேன்.

பதில் அடித்தேன்:
மார்ச்சிலேயே சரி என்றீர்களே சார்,
உங்கள் கட்டுரையின் மூன்றாம் அட்டவணை
ராணிப்பேட்டைக் கிணறு கிணறாக
நான் மொண்டு வந்த தண்ணீர்.
அழித்தேன்.
அட்டவணையை மட்டும் மறுபடி அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
"பரவாயில்லை சார். முன்னமே சொன்னதற்கு நன்றி."
முன்னமே என்பது பொய்.
இரண்டு நீல டிக்.
காரணம் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று.

பாலாற்றுப் பாலத்தில் டவுன் பஸ் ஏறியதும்
எல்லாத் தலையும் ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பும்.
தண்ணி இல்லை என்று தெரியும்.
திரும்பும்.
காலையிலிருந்து நானும் அப்படித்தான்
போனை.

"தண்ணியில்லா ஆறு, ராஜாயில்லா கோட்டை,
சாமியில்லா கோயில்.
கையெழுத்தில்லா கடிதாசியையும் சேத்துக்கோ"
என்றாள் ருக்சானா.
சாமி எண்பத்தொண்ணுலயே வந்துட்டாருடி.
"அப்ப உனக்கும் வரும்."
வாயில் பாதி சமோசா.

முதல் செமஸ்டரில் என்னைப் பெயிலாக்கியவர்
எஸ்தர் தயாளி மேடம்.
கரிம வேதியியல், நாற்பத்தாறு.
கதவைத் தட்டியபோது
அந்த நாற்பத்தாறும் பக்கத்தில் நின்றது.

ஜன்னலுக்கு செய்தித்தாள் ஒட்டியிருந்தார்.
அதையும் தாண்டி உள்ளே வந்து
உட்கார்ந்திருந்தது மே மாதம்.
இரண்டு நாள்தான் இருக்கு மேடம்,
முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க.

"உன்னப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"
என்னைக் கேட்கவில்லை.
பேனா மூடியைக் கேட்டார்.
பிறகு,
"விடைத்தாளைக் காட்டுங்கன்னு வந்த.
அழல.
ஏழாவது கேள்வியில தப்பு உங்களோடதுன்ன.
பாத்தேன், என்னோடதுதான்.
ரெண்டு மார்க் போட்டேன்.
நாப்பத்தெட்டு. அப்பவும் பெயில்.
தேங்க்யூ மேடம்னுட்டு
நேரா அரியர் பணம் கட்டப் போயிட்ட.
இவ்வளவுதான் தெரியும். இதைத்தான் எழுதுவேன்.
பரவாயில்லையா?"

சனி, இரண்டு ஐம்பது.
பரிந்துரைக் கடிதம் கிடைத்தது என்று
ஒரு வரி மெயில்.
உள்ளே என்ன என்று எனக்குக் காட்டமாட்டார்கள்.
நாற்பத்தெட்டு இருக்கும்.
மொட்டை மாடிக்குப் போனேன்.
ஹைவேயில் லாரிகள்
யாரையும் கேட்காமல் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒன்பது மணிக்கு ஞானசிகாமணி சார்:
"அந்த மூன்றாம் அட்டவணையின் மூல எண்கள்
உன்னிடம் இருக்கிறதாம்மா? அவசரம்."

இந்த முறை புள்ளியும் கேள்விக்குறியும்.

படித்தேன்.
இரண்டு நீல டிக்,
என் பக்கமிருந்து.